கேபிள்காரி சொன்னால் யார் நம்புவார்கள்

ஜனவரி 19, திங்கள்

காலையில் முதல் போன் ஜான்சி டீச்சர். படம் தெரியவில்லை என்பார், அல்லது சவுண்டு வரவில்லை என்பார் என்று எடுத்தேன். கேபிள் ஆபீஸுக்கு வேறு எதற்குப் போன் வரும்? கல்யாணமாகிப் புளியங்குடிக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கம்ப்ளைன்ட் போனை எடுப்பவள் நான்தான். மழை பெய்தால் என்னைத் திட்டுவார்கள். கரண்டு போனால் என்னைத் திட்டுவார்கள். சீரியலில் யாராவது செத்துப்போனால்கூட என்னைத்தான் திட்டுவார்கள்.

டீச்சர் கேட்டது வேறு. "மதினி, போன்ல ராஜயோகம் ஸ்டிக்னு ஒரு விளம்பரம் வருதே, பாத்தியளா? டிவிக்குப் பின்னால சொருகுனா போதுமாம். ஆயிரம் சேனல், ஆயுசுக்கும் ஓசியாம். நெசந்தானா?"

"சுத்தப் பித்தலாட்டம் டீச்சர், தொட்டுராதிய" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "நீங்க வேற என்னத்தச் சொல்லுவிய!"

அந்தச் சிரிப்பு நாள் முழுக்கக் காதிலேயே நிற்கிறது. மீன் கெட்டுப்போச்சு என்று கறிக்கடைக்காரன் சொன்னால் யார் கேட்பார்கள்? இந்த ஊரில் டிவியைப் பற்றித் தெரிந்தவர்கள் நாங்கள்தான். இந்த விஷயத்தில் எங்கள் பேச்சு மட்டும்தான் செல்லாது.

இவரிடம் சொன்னேன். கம்பத்திலிருந்து இறங்கி வந்த கையோடு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எவனாவது ஓசியில குடுப்பானா? ஜனங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஜனங்களுக்குத் தெரியும் என்று நம்புகிற மனுஷர்.

ஜனவரி 20, செவ்வாய்

நானே அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தெரியாமல் பேசக்கூடாது அல்லவா?

கோட்டுப் போட்ட ஒருவன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமானைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு அம்மாள் டிவியைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறாள். கீழே ஒரு கடிகாரம், இன்னும் கொஞ்ச நேரத்தில் சலுகை முடிகிறது என்று ஓடுகிறது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று எழுதியிருக்கிற அத்தனை பேரும் ஒரே எழுத்தில், ஒரே மாதிரி நன்றி சொல்கிறார்கள். கடை எங்கே இருக்கிறது என்று விலாசம் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனாலும் உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஆர்டர் கொடுக்க ஒரு ஆப்பை இறக்கச் சொன்னது. இறக்கினேன். உங்கள் போனில் உள்ள பெயர்களைப் பார்க்கலாமா என்றது. சரி என்று அமுக்கினேன். மெசேஜ் அனுப்பலாமா என்றது. அதற்கும் சரி என்றேன். ஓசியில் டிவி காட்டுகிறவனுக்கு என் போனில் இருக்கிற பெயரெல்லாம் எதற்கு? வம்பு பிடித்தவன்தான் என்று அங்கேயே எனக்கு உறுதியாகிவிட்டது. விலாசத்தைக் கொடுத்தேன், ஆர்டர் ஆகிவிட்டது என்று பூ மழை கொட்டியது. உடனே அந்த ஆப்பை அழித்துவிட்டேன். நான் ஒன்றும் ஏமாறவில்லை. சோதித்தேன், அவ்வளவுதான்.

இவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜனவரி 22, வியாழன்

பூரணம் அக்கா இன்று குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் மாடசாமி அத்தானின் பெண்டாட்டி. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஆனால் பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது.

அத்தானும் இவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த கேபிள். எம்.எஸ். கேபிள் என்று பெயர். அத்தான் காலமான பிறகும் அந்த 'எம்' என்ற எழுத்தை இவர் எடுக்கவில்லை. வருடம் திரும்பியதும் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சில், பந்தியில் அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொன்னாள்: "எம் புருசன் ஏறுன கம்பத்துல ஒம் புருசன் காசு பாக்கான்." நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து அவளுடைய நம்பரை போனில் பிளாக் பண்ணினேன். அன்றோடு சரி. அவள் வீட்டுக்கு மட்டும் கேபிள் எப்போதும் போல ஓசியில்தான் போகிறது. அது இவர் கணக்கு, நான் தலையிடுவதில்லை.

அப்படிப்பட்டவள் எதற்குச் சிரித்தாள்? எங்கள் பிழைப்பு போகப் போகிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வேறென்ன?

ஜனவரி 23, வெள்ளி

மறுபடியும் சிரித்தாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனால், எங்கள் பக்கத்துச் சுவரில் கேபிள் ஒயர் அழகாகச் சுற்றி, செட்டாப் பாக்ஸ் ஒரு மஞ்சள் பையில். பூரணம் அக்கா வீட்டு இணைப்பு. அவளே கழற்றி வைத்திருக்கிறாள்.

இவர் மேலே வந்து பார்த்தார். பையைத் திறந்தார், பாக்ஸைத் துடைத்தார், மறுபடியும் பையிலேயே வைத்தார். "மதினி வீட்டுல அண்ணன் கையால இழுத்த ஒயருட்டி இது" என்றார். இவர் கத்தினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

மத்தியானம் விஷயம் தெரிந்துவிட்டது. அவளும் ராஜயோகத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாளாம். எனக்குப் புரியவில்லை. ஓசியில் ஓடுகிற கேபிளை விட்டுவிட்டு ஓசி ஸ்டிக்கு ஏன்? என் முகத்தில் அறைவதற்குத்தான்.

அவள் மகள் செல்விக்கு மார்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை தென்காசி. தகப்பன் இல்லாத பிள்ளை, தாயார் மனையில் உட்கார மாட்டாள், அது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தப்பனும் சித்தியும்தான் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். ஆனால் ராஜபாளையத்திலிருந்து அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்து உட்காரப் போவதாகப் பேச்சு. இவர் காதிலும் விழுந்திருக்கும். செல்வியை நடக்கப் பழக்கியதே இவர்தான்.

எனக்கு அதனால் ஒன்றும் இல்லை. மனையில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்னும் மூன்று வீட்டில் பாக்ஸைத் திருப்பித் தந்தார்கள். ஜான்சி டீச்சரும்தான். "தப்பா நெனைக்காதிய மதினி, நீங்க சொன்ன பொறவுதான் தைரியம் வந்துச்சு" என்றார். நான் சொன்னது பித்தலாட்டம் என்றல்லவா? குத்திக் காட்டுவதிலும் டீச்சர்தான்.

டெய்லர் சங்கரபாண்டி இன்னும் மோசம். பாக்ஸை மேசையில் வைத்துவிட்டு, "இந்தக் காலத்துல யாருக்கா இப்படி நல்ல மனசோட இருக்கா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த ஊருக்கே நக்கல் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

என் பார்சல் வந்தது. இவர் லைனுக்குப் போயிருந்தார், நல்லவேளை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

கையில் வைத்தால் கனமே இல்லை. டிவியில் சொருகினேன். நீல விளக்கு எரிந்தது. திரையில் பெரிய எழுத்தில் 'வாழ்த்துகள்! எங்கள் அதிகாரி உங்களை அழைத்து ஸ்டிக்கை இயக்கித் தருவார்' என்று வந்தது. அவ்வளவுதான். எத்தனை முறை பிடுங்கிச் சொருகினாலும் அதே வாழ்த்துகள்.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். விரல் நக அளவு ஒரு பச்சைத் தகடு, ஒரு விளக்கு, மிச்சம் காலி. இவ்வளவு நாள் பாக்ஸ்களைப் பார்த்தவளுக்குத் தெரியாதா? அந்த ஒரு வாழ்த்தைக் காட்டுவதற்கு மட்டும்தான் அதில் ஜீவன் இருக்கிறது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். பிறகு யாரிடம் காட்டுவது என்று யோசித்தேன். நானே ஆர்டர் போட்டேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

அதிகாரி கூப்பிட்டான். பதினொரு மணிக்கு, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது.

என்ன குரல்! கம்ப்ளைன்ட் போனில் இப்படி ஒருவன் ஒருநாள் பேசியிருந்தால் என் ஆயுசு கூடியிருக்கும். "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான். இன்னொரு ஆப்பை இறக்கச் சொன்னான். அதில் வரும் நம்பரைப் படிக்கச் சொன்னான். படித்தால் என் போனில் இருப்பதெல்லாம் அவனுக்கும் தெரியும், அவனே அங்கிருந்து எல்லாவற்றையும் சரி செய்து தந்துவிடுவானாம். "பேங்கு மெசேஜ் ஏதாவது வந்தா பயப்படாதீங்கம்மா, அது சும்மா சோதனைக்கு" என்றான்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஸ்டிக்கு டிவிக்கு இல்லை, போனுக்கு. ஓசி டிவி என்று நம் வீட்டுக்குள் ஒரு சாமானை வைத்துவிட்டு, போன் வழியாக பேங்கில் இருப்பதை வழித்துக்கொண்டு போவான்.

போனை வைத்துவிட்டேன். கீரையை ஆய முடியவில்லை.

செல்வி கல்யாணத்துக்கு என்று பூரணம் அக்கா சேர்த்ததெல்லாம் பேங்கில்தான் கிடக்கிறது. அந்தப் பணம் போனால் கல்யாணமே நின்றுபோகும். அவளுக்கு ஸ்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். வந்தால் இந்தக் குரல் அவளையும் சாப்பிட்டீங்களா என்று கேட்கும். அவளை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

நேரில் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? குழாயடியில் அவள் நிற்கும்போது, அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னேன். "ஓசியில கெடைக்குன்னு கண்டதுல வாய வைக்காத மூதி, அறுத்துருவான்!"

நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். அக்கா ஆட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், மறுபடியும் அந்தச் சிரிப்பு. இத்தனைக்கும் சாடை பேசுவதில் என்னை ஜெயிக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. அந்த ஆடு மட்டும் கோபித்துக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் வேறு வழி செய்தேன். எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை எல்லாம் ஓடும். அதில் அடியில் ஓடும்படி எழுதிப் போட்டேன்: 'ராஜயோகம் ஸ்டிக் மோசடி. யாருக்கும் போனில் நம்பர் படித்துச் சொல்லாதீர்கள்.' சிவப்பு எழுத்தில். மனசு லேசானது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இவர் சாப்பிடும்போது சொன்னார்: "நீ போட்டிருக்கியே, அத யாரு பாப்பா? நம்ம கேபிள் இருக்கவனுக்கு அது தேவையில்ல. ஸ்டிக்கு வாங்குனவன் வீட்டுல நம்ம கேபிளே இல்ல."

உண்மைதான். இரண்டு நாளாக நான், ஏமாறாதவர்களை மட்டும் எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பம் நீங்க போய்ச் சொல்லுங்க, ஒங்க மதினிதான" என்றேன்.

"ஒயரச் சுத்தி வச்சுட்டுப் போனவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக? கேபிள் போச்சுன்னு வயித்தெரிச்சல்ல வாறான்னு நெனைக்க மாட்டாவளா?" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கூரியர்காரர் வண்டியை நிறுத்தி, "எம். பூரணம் வீடு எதுக்கா?" என்றார். கையில் என்னுடையது போலவே ஒரு பெட்டி. பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "அந்தா, பச்சைக் கதவு" என்றேன்.

அவர் போய்க் கொடுத்துவிட்டார். நானேதான் வழி காட்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் செல்வியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால்தான் வருவாளாம். அவளோடு எனக்குச் சண்டை கிடையாது. பொங்கலுக்குக்கூட "சித்தி, கரும்பு தின்னாச்சா" என்று போன் பண்ணினாள்.

"உங்கம்மகிட்டச் சொல்லு தாயி. அந்த ஸ்டிக்கு திருட்டுப்பய சாமான். எவன் போன் பண்ணாலும் நம்பர் கிம்பர் படிச்சுச் சொல்ல வேண்டாம்னு சொல்லு" என்றேன்.

"என்ன சித்தி இப்படிச் சொல்லுதிய? நீங்கதான அம்மைக்கு மெசேஜ் அனுப்புனிய, வாங்கச் சொல்லி?" என்றாள்.

"நானா?"

"ஒங்க நம்பர்ல இருந்துதான் சித்தி வந்துச்சு. அம்ம எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பிச்சா. 'ஒங்க சித்தி இறங்கி வந்துட்டா'ன்னு போன்ல அழுதா. மூணு வாரமா ஒங்களப் பத்தித்தான் பேசுதா. நான் இந்த ஸ்டிக்கெல்லாம் வேண்டாம்மான்னு சொன்னேன். 'ஒனக்கென்ன தெரியும், சித்தியே சொல்லிருக்கா'ன்னு என்னய ஏசுதா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. பாலும் பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

போனில் அனுப்பிய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். நான் அந்தப் பெட்டியைத் திறந்து எத்தனை காலமாயிற்று! ஜனவரி இருபதாம் தேதி, நான் ஆர்டர் போட்ட அதே நேரத்தில், என் பெயரில் ஒரு மெசேஜ் பல பேருக்குப் போயிருக்கிறது.

'அன்புச் சகோதரி, எனக்கு ராஜயோகம் ஸ்டிக் இலவசமாகக் கிடைத்துவிட்டது. உங்கள் நினைவு வந்தது. நீங்களும் பெற்று மகிழ வேண்டும் என்பது என் ஆசை. ஆவுடையம்மாள்.'

பூரணம் அக்காவுக்கு. ஜான்சி டீச்சருக்கு. டெய்லர் சங்கரபாண்டிக்கும் அன்புச் சகோதரி என்றுதான் போயிருக்கிறது. பாக்ஸைத் திருப்பித் தந்த அத்தனை பேருக்கும் போயிருக்கிறது. யாரும் என்னை நக்கல் பண்ணவில்லை. கேபிள்காரியே சொல்கிறாள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். என் தொழிலை நானே சரி, சரி என்று அமுக்கி அழித்திருக்கிறேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டெய்லரு அன்புச் சகோதரியாட்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

"மதினியும் அத நம்பியா சிரிச்சாவ?"

"ஆமா."

"போய்ச் சொல்லிரு ஆவுடை. இன்னும் போன் வந்திருக்காது. வந்திருந்தா அழுகைச் சத்தம் இங்க கேட்டிருக்கும்."

டீச்சருக்கும் டெய்லருக்கும் மற்றவர்களுக்கும் உடனே போன் பண்ணி, அது மோசடி, என்னை அறியாமல் போய்விட்டது என்று சொன்னேன். டெய்லருக்கு ஏற்கனவே அழைப்பு வந்திருக்கிறது. நல்லவேளையாக அவர் பேங்கில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். திட்டு எனக்குப் புதிதா?

ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அது பொய் என்று சொன்னால், உங்கள் நினைவு வந்தது என்பதும் பொய் என்று ஆகிவிடும். இரண்டு வருடம் கழித்து வந்த சிரிப்பு. அதை நான் போய் எப்படித் துடைத்துவிட்டு வருவேன்? அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று அவள் ராஜபாளையம் போயிருந்தாள். வீட்டில் பூட்டு. நான் சாமான் விளக்குவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தேன். இன்று காலை பச்சைக் கதவு திறந்ததும் போனேன். இவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா முற்றத்தில் கல்யாணத்துக்கு வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். "வா ஆவுடை" என்றாள், நேற்றும் வந்துபோனவளைக் கூப்பிடுகிற மாதிரி. கையைக் கழுவிவிட்டுக் காப்பி போட்டாள். எனக்குச் சீனி குறைவாக. அது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. டிவிக்குப் பின்னால் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவிக்குப் பக்கத்தில் போன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அது அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அதே குரல்.

"வணக்கம்மா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

ஆப்பை இறக்கச் சொன்னான். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கிக்கொண்டிருந்தாள். "யக்கா, போன வையி" என்றேன். அவனுக்குக் கேட்டுவிட்டது.

"யாரும்மா பக்கத்துல? கேபிள்காரங்களா? அவங்க தொழில் போயிரும்னு அப்படித்தாம்மா சொல்லுவாங்க. நீங்க நம்பாதீங்க."

"ஐயோ தம்பி, அப்படிச் சொல்லாதிய" என்றாள் அக்கா, பெருமையாக. "கேபிள்காரிதான். ஆனா அவதான் எனக்கு இதச் சொல்லிக்குடுத்ததே. எங்கொழுந்தன் பொண்டாட்டி."

"நான் சொல்லலக்கா. அந்த மெசேஜ் நான் அனுப்பல. அந்த ஆப்பு அதுவா எம்பேருல எல்லாருக்கும் அனுப்பிட்டு."

அக்கா சிரித்தாள். "ஒன் நம்பர்ல இருந்து அதுவா வருமாக்கும்! அனுப்பிட்டு இப்பம் வெக்கப்படுதியோ? யாரு மொதல்ல எறங்கி வந்தா என்ன? நான் ஒண்ணும் சொல்லிக்காட்ட மாட்டேன்ட்டி."

"கோடு வந்துச்சாம்மா?" என்றான் அவன்.

"வந்துருக்கு தம்பி, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்."

அவள் கண்ணாடியைத் தேடினாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது பொய் என்று அவள் நம்ப வேண்டுமானால், அப்படி ஒரு மெசேஜை நான் செத்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன் என்பதை அவள் நம்ப வேண்டும். என் போனைத் திறந்து, பிளாக் பண்ணின நம்பர்கள் இருக்கிற இடத்தை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அதில் ஒரே ஒரு பெயர்தான்.

"இது என்னது?" என்றாள்.

"ஒன்னைய அடைச்சு வச்சிருக்கேன். அந்தப் பால்காய்ச்சு அன்னைக்கே அடைச்சேன். நீ போன் பண்ணா வராது, மெசேஜ் போட்டா நான் பாக்க முடியாது. இப்படி அடைச்சு வச்சவ ஒனக்கு எப்படிக்கா அன்புச் சகோதரின்னு எழுதுவேன்? நான் அனுப்பல. நான் அனுப்பியிருக்கவே மாட்டேன்."

அக்கா அந்தப் பெயரைப் படித்தாள். வாய்க்குள் எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாள். "அம்மா, லைன்ல இருக்கீங்களா? நம்பரச் சொல்லுங்கம்மா" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் போனை எடுத்து, சிவப்பை அமுக்கினாள். டிவிக்குப் பின்னால் கையை விட்டு அந்த ஸ்டிக்கைப் பிடுங்கி, அடுப்படித் தொட்டியில் போட்டாள்.

பணம் பிழைத்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று வாரமாகக் குழாயடியில் பார்த்த முகம் அது இல்லை.

"அப்பம் நான் பதிலுக்குப் போட்ட மெசேஜ்?" என்றாள்.

"வரல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வரலக்கா."

அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போகச் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்தேன். ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள்.

"ஒன் மெசேஜ் வந்த அன்னைக்கே கேட்டுப் போட்டேன். கொழுந்தனும் நீயும் மனையில ஒக்காருவியளான்னு. நீ மாட்டேன்னு சொல்லல. சொல்லலன்னா சரின்னு அர்த்தம்னு நெனைச்சேன். நேத்து ராஜபாளையம் போய் எங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டு, அடிச்ச பத்திரிகையையும் வாங்கிட்டு வந்தேன்."

மஞ்சள் தடவிய பத்திரிகை. 'அமரர் மாடசாமி அவர்களின் தம்பி சொரிமுத்து, ஆவுடையம்மாள் தம்பதியர் தாரை வார்த்துக் கொடுக்க' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"வேண்டாம்னா சொல்லிரு" என்றாள் அக்கா. "இன்னும் யாருக்கும் குடுக்கல. அண்ணன் பேரப் போட்டு வேற அடிச்சிக்கிடுதேன். ஒம்மேல தப்பில்ல. நான் பேசுன பேச்சுக்கு நீ அடைச்சு வச்சதும் சரிதான். அன்னைக்கு அவுக போன ஆத்தாமையில வாய் தவறிப் பேசிட்டேன். அதையும்தான் போட்டிருந்தேன். அதுவும் ஒனக்கு வரல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"முகூர்த்தத்துக்கு மூணு வாரந்தான் கெடக்கு. இப்பம் வந்து சொன்னா நான் எப்பம் சேலை எடுத்து, எப்பம் ரவிக்கை தைக்க?" என்று கத்தினேன். "அந்த டெய்லரு வேற எம்மேல கொலவெறியில இருக்கான்!"

கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். வடகத்தைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது, விரட்ட ஆளில்லை.

பத்திரிகையில் பாதிக் கட்டை நான் எடுத்துக்கொண்டேன். வடக்குத் தெரு முழுவதும் கொடுப்பது எங்கள் பொறுப்பு. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கப் பயந்துகொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலைக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகையை வைத்தேன். படித்தார். அண்ணன் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தார், அதற்குப் பக்கத்தில் தன் பெயர் இருக்கிற இடத்துக்கு வந்தார், அப்படியே இருந்துவிட்டார்.

"சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னேன்.